எலும்பு கூட உதவும் நானோசைம்: எது வந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவில் பணியாற்றும் எலும்பு மருத்துவர் ஆற்றிய உரை. கேட்டவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க எழுத்தில் தருகிறோம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ஆண்டு ஒரு தம்பி மருத்துவ உதவி கேட்டு மனு கொண்டு வந்தார். அவருடைய அம்மாவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. 12 வருடமாகச் சர்க்கரை. ஒளு செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்து கீழ்க்கால் எலும்பு முறிந்தது. தகடு வைத்து 6 மாதம் ஆகியும் எலும்பு கூடவில்லை. மனுவோடு ஒரு வண்ணத் துண்டுப் பிரசுரம் இணைத்திருந்தார். வெளியூரில் ஓரிடத்தில் 'நானோ என்சைம் ஊசி' போடுகிறார்களாம். எலும்பு தானாக வளர்ந்துவிடுமாம். செலவு 1,40,000 ரூபாய்.

நான் மனுவில் "அங்கீகாரம் இல்லாத சிகிச்சை, பரிந்துரைக்க இயலாது" என்று எழுதினேன். அவர் விடவில்லை. "டாக்டர் பாய், இது புதுசா வந்ததுன்னு சொல்றாங்க. உங்களுக்கு இன்னும் தெரியாம இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். "எல்லாம் ஏமாத்து வேலை, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் மனைவியின் நகையை அடகு வைத்து அந்த ஊசியைப் போட்டார். 3 மாதம் வீணாகப் போனது. எலும்பு கூடவில்லை. முறிந்த இடத்தில் சீழும் வைத்துவிட்டது.

நான் சொன்ன முடிவு சரிதான். சொன்ன விதம் தவறு. 'நானோ என்சைம்' என்பது யாரோ வியாபாரத்துக்காக இட்டுக்கட்டிய சொல் அல்ல. உலகின் பெரிய ஆய்வுக் கூடங்களில் நடக்கும் உண்மையான அறிவியல் அது. அதில் எவ்வளவு உண்மை, அது இன்று எந்தப் படியில் நிற்கிறது என்று அன்றைக்குப் பொறுமையாக விளக்கியிருந்தால் அந்தத் தங்கையின் நகை மிஞ்சியிருக்கும். அன்று அவருக்குக் கொடுக்காத நேரத்தை இன்று உங்கள் எல்லோரிடமும் கொடுத்துவிட விரும்புகிறேன்.

நல்லி எலும்பும் நம் ஊர்த் தோலும்

குர்பானி நாளில் ஆட்டின் நல்லி எலும்பை வெட்டிப் பார்த்திருப்பீர்கள். வெளியே கெட்டியாக இருக்கும். முனைப் பக்கம் கடற்பஞ்சு போலத் துளைத் துளையாக இருக்கும். நடுவில் மஜ்ஜை. நம் எலும்பும் அப்படித்தான். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப் போட்டால் தாது கரைந்துபோய், வளைக்கிற மாதிரி ஒரு பொருள் மிஞ்சும். அதுதான் கொலாஜன்.

கொலாஜன் நமக்குப் புதியதல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு நம் பெரியவர்கள் டேனரிகளில் பதனிட்டது இதைத்தான். ஆட்டுத் தோலில் இருக்கும் முக்கியமான கொலாஜனும் எலும்பில் இருக்கும் கொலாஜனும் ஒரே வகை. வீடு கட்டும்போது கம்பியும் கான்கிரீட்டும் சேர்வதுபோல, எலும்பில் கொலாஜன் கம்பியாகவும் தாது கான்கிரீட்டாகவும் நிற்கின்றன.

ஆனால் இந்தக் கட்டடம் ஒருமுறை கட்டி முடித்து விட்டுவிட்டது அல்ல. கட்டும் செல்களும் கரைக்கும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. ஓர் ஆண்டில் நம் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய 10 சதவீதம் புதிதாக மாற்றப்படுகிறது. வயது ஏற ஏறக் கரைப்பவர் கை ஓங்கும். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் முதுமையில் தம் எலும்பு தளர்ந்துவிட்டதைச் சொல்லி இறைவனிடம் மன்றாடியதை சூரா மர்யமின் தொடக்கத்தில் ஓதுகிறோமே, அந்தத் தளர்ச்சியைத்தான் இன்றைய மருத்துவம் எலும்புத் தேய்மானம் என்கிறது.

முறிந்த இடத்தில் எரியும் நெருப்பு

எலும்பு முறிந்ததும் அங்கே இரத்தம் உறைகிறது. வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. கிருமியைக் கொல்லவும், சிதைந்ததைத் துப்புரவு செய்யவும் அவை சில காரமான இரசாயனங்களை உண்டாக்குகின்றன. சூப்பர் ஆக்சைடு ஒன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒன்று. இரண்டையும் நெருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் இந்த நெருப்பு தேவை. பிறகு அது அடங்க வேண்டும். அடங்கினால்தான் மென்மையான ஒட்டு விழும். சில வாரங்களில் அது கெட்டியான எலும்பாகும். பிறகு மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் செதுக்கப்பட்டுப் பழைய உருவத்துக்கு வரும். தோலில் காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்போ மறுபடியும் எலும்பாகவே வளர்கிறது. அல்லாஹ்வின் படைப்பில் இது பெரிய அற்புதம்.

நெருப்பை அடக்க உடலுக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் என்சைம்கள். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நம் திசுவில் உள்ள கேட்டலேஸ் என்ற என்சைம் அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. நுரையில் இருப்பது அந்த ஆக்சிஜன். சூப்பர் ஆக்சைடை அடக்கும் வேறோர் என்சைமை 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற இருவர் கண்டறிந்தார்கள்.

சர்க்கரை கட்டுப்படாதவருக்கும், புகைப்பவருக்கும், வயதானவருக்கும், காயத்தில் கிருமி தங்கியவருக்கும் இந்த நெருப்பு அடங்காமல் நீறுபூத்துக் கிடக்கும். அந்தச் சூட்டில் கட்டும் செல்கள் செத்துப்போகும்; கரைக்கும் செல்களுக்குக் கொண்டாட்டம். நான் சொன்ன அந்த அம்மாவின் காலில் எலும்பு கூடாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நானோசைம் என்பது என்ன

அப்படியானால் கேட்டலேஸை வெளியிலிருந்து கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். என்சைம் ஒரு புரதம். சூடு பட்டால் கெடும். உடலுக்குள் போனால் விரைவில் சிதையும். சுத்தமாகப் பிரித்தெடுக்கச் செலவு அதிகம். அதனால் என்சைமின் வேலையைச் செய்யக்கூடிய, சுலபத்தில் கெடாத ஒரு பொருளைத் தேடினார்கள்.

2007ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் உயிர் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த சியூன் யான் குழுவினர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடை நானோ அளவுக்குப் பொடியாக்கினால் அது பெராக்சிடேஸ் என்ற என்சைமைப் போலவே வேலை செய்கிறது என்பதே அந்தச் செய்தி. அதே ஆண்டில் அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர், சீரியம் ஆக்சைடின் நானோ துகள் சூப்பர் ஆக்சைடை அடக்குகிறது என்று காட்டினார்கள். நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் முகேஷ் குழுவினர், வனேடியம் ஆக்சைடு நானோ இழை நம் செல்களைக் காக்கும் வேறோர் என்சைம் போல நடக்கிறது என்று 2014இல் வெளியிட்டார்கள். சென்னை அடையாற்றில் நம் தோல் தொழில்காரர்களுக்குப் பழக்கமான மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் நானோசைம் ஆய்வு நடக்கிறது. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்க அதைப் பயன்படுத்துவது அங்கே ஒரு முயற்சி. இப்படி என்சைம்போல நடந்துகொள்ளும் நானோ பொருள்களுக்குத்தான் நானோசைம் என்று பெயர்.

நானோ மீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோ மீட்டர். ஆய்வில் பயன்படும் சீரியம் ஆக்சைடு துகள் பெரும்பாலும் சில நானோ மீட்டர்தான்.

சீரியத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் அது கொஞ்சம் கலந்திருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டிலும் சீரியம் இருக்கிறது. இந்தத் தனிமம் இரண்டு நிலைகளில் மாறி மாறி இருக்கும். ஒரு நிலையில் எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்ற நிலையில் வாங்கிக்கொள்ளும். கொடுத்து வாங்கும்போதே நெருப்பு அடங்குகிறது. துகள் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த வேலைக்குத் தயாராகிறது. மாங்கனீசு டை ஆக்சைடு, பிரஷ்யன் நீலம் ஆகியவற்றையும் இதேபோல ஆராய்கிறார்கள்.

எலும்புக்கு இதை எப்படிப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள்? கொலாஜன் பஞ்சு, ஜெல், முப்பரிமாண அச்சில் உருவாக்கிய சாரம் ஆகியவற்றில் துகள்களைக் கலந்து எலும்பு இல்லாத இடைவெளியில் வைக்கிறார்கள். டைட்டானியம் உள்வைப்பின் மேல் பூச்சாகவும் பூசுகிறார்கள். ஆய்வு விலங்குகளில் அந்த இடத்தில் நெருப்பு தணிகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பிரிந்து ஆக்சிஜன் கிடைக்கிறது. வெள்ளை அணுக்கள் சண்டையை விட்டுவிட்டுப் பழுது பார்க்கும் வேலைக்கு மாறுகின்றன. புது இரத்தக் குழாயும் எலும்பும் வளர்கின்றன. சீழ் பிடித்த எலும்பில் கிருமியைக் கொல்ல, வேண்டுமென்றே நெருப்பை மூட்டும் நானோசைம்களையும் சிலர் செய்கிறார்கள்.

இன்று எங்கே நிற்கிறது

இவ்வளவையும் கேட்ட பிறகு, "அப்படியானால் அந்த ஊசியில் என்ன தவறு?" என்று தோன்றும். இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும்.

நான் சொன்ன வெற்றிகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டுகளிலும், எலி, முயல் போன்ற விலங்குகளிலும் கிடைத்தவை. எலியின் மண்டையோட்டில் சில மில்லிமீட்டர் துளையிட்டு, அது நிரம்புகிறதா என்று பார்ப்பார்கள். 60 கிலோ எடையைத் தாங்கி நடக்க வேண்டிய, சர்க்கரை உள்ள ஒரு மூதாட்டியின் கால் எலும்பு வேறு விஷயம். முறிந்த எலும்பைக் கூட்டுவதற்கு நானோசைம் இன்று எந்த மருத்துவமனையிலும் வழக்கமான சிகிச்சையாக இல்லை.

கடக்க வேண்டிய சிக்கல்களும் இருக்கின்றன. இயற்கை என்சைம் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போன்றது. நானோசைம் அவ்வளவு துல்லியமானது அல்ல. இரும்பு ஆக்சைடு போன்ற சில துகள்கள், புளிப்புத்தன்மை கூடிய இடத்தில் நெருப்பை அணைப்பதை விட்டுவிட்டு மூட்டத் தொடங்கும். புண் பட்ட இடத்திலும் சீழ் வைத்த இடத்திலும் புளிப்புத்தன்மை கூடுதல் என்பதை மறந்துவிடக் கூடாது. இரத்தத்தில் கலக்கும் துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கலாம். இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பிறகே மனிதருக்குப் போட முடியும்.

எலும்பு மருத்துவம் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறது. 1965இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர், எலும்பிலேயே எலும்பை வளரத் தூண்டும் பொருள் இருக்கிறது என்று வெளியிட்டார். அந்த வகைப் புரதம் ஒன்றை முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதித்தது 2002இல். இடையில் 37 ஆண்டுகள். அனுமதி கிடைத்த பிறகும், கழுத்தெலும்பில் பயன்படுத்தியபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதால் 2008இல் எச்சரிக்கை விடுத்தார்கள். நல்ல கண்டுபிடிப்புக்கும் அவசரம் ஆகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிரசுரம் கையில் வந்தால் கேட்க வேண்டியவை

யாராவது 'நானோ' என்று சொல்லிப் பணம் கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: இது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆய்வா? அனுமதி பெற்றது என்றால் மருந்தின் பெயரையும் அனுமதி விவரத்தையும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: ஆய்வு என்றால் பதிவு எண் என்ன? நம் நாட்டில் மருந்து ஆய்வு ஒவ்வொன்றும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி வாங்கிய சம்மதமும் வேண்டும்.

மூன்று: ஆய்வுக்கு எதற்குப் பணம்? ஆய்வில் சேருபவரிடம் அந்த ஆய்வுக்கான செலவை வாங்கக் கூடாது என்பது நெறிமுறை. ஆய்வினால் உடலுக்குக் கெடுதல் வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. "இது ஆய்வு, 1,40,000 கட்டுங்கள்" என்று சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் நம் வீடுகளில் வரும். ஜெலட்டின், கொலாஜன் பஞ்சு எல்லாம் எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது? மாட்டிலிருந்தும் எடுக்கிறார்கள், பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள். மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் பொருளின் மூலத்தைச் சொல்ல வேண்டும். மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சீரியம், மாங்கனீசு போன்றவை மண்ணிலிருந்து வரும் தாதுக்கள். அவற்றைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி எழாது.

நம் கையில் இருப்பது

நானோசைம் அணைக்கப் பார்க்கும் அந்த நெருப்பைக் குறைக்க இன்றே நம்மால் முடிந்தவை இருக்கின்றன.

எலும்பு முறிந்தவருக்குச் சர்க்கரை இருந்தால், கட்டுப் போடுவதோடு சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் எலும்பு சிகிச்சையின் பகுதி. பீடி, சிகரெட்டை நிறுத்துவதும் அப்படித்தான். நிக்கோடின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். "அத்தாவுக்கு இந்த ஒரு ஆறுதல்தான்" என்று பிள்ளைகளே வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நம் பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறார்கள். வெயில் படாததால் வைட்டமின் டி குறைகிறது. அது குறைந்தால் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. மறைவான மொட்டை மாடியில் தினமும் சிறிது நேரம் கை, கால், முகத்தில் வெயில் படட்டும். பால், தயிர், கேழ்வரகு, சிறு மீன், கீரை சாப்பாட்டில் இருக்கட்டும். மாதவிடாய் நின்றவர்கள் எலும்பின் வலிமையைப் பற்றி ஒருமுறையாவது மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒளு செய்யும் இடத்திலும் குளியலறையிலும் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். வழுக்காத தரை விரிப்புப் போடுங்கள். தஹஜ்ஜுத் தொழ எழும் நன்னிமாருக்கு இரவு விளக்கு எரியட்டும். விழாமல் இருப்பதைவிடச் சிறந்த எலும்பு மருத்துவம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியும் முறிந்து, கூடாமல் போனால் வழி அடைந்துவிடவில்லை. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து முறிந்த இடத்தில் வைப்பது பழைய முறை; இன்றும் அதுவே முதன்மையானது. எடுத்த இடத்தில் சில காலம் வலிக்கும், நிறைய எடுக்கவும் முடியாது. ஆனால் உங்கள் எலும்பு உங்களுக்கே என்பதால் உடல் அதைத் தள்ளாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு. அட்டை இல்லாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம்.

அந்த அம்மாவுக்கும் கடைசியில் இதுதான் நடந்தது. அரசு மருத்துவமனையில் சீழைச் சுத்தம் செய்தார்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினார்கள். பிறகு இடுப்பெலும்பு வைத்து மறுபடி தகடு பொருத்தினார்கள். எலும்பு கூட மேலும் பல மாதம் ஆனது. இப்போது கைத்தடியோடு நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது.

நம் அறக்கட்டளையில் சேரும் பணம் உங்கள் ஜகாத், உங்கள் ஸதகா, உங்கள் குர்பானித் தோல் விற்ற காசு. அது ஓர் அமானிதம். அதனால் மருத்துவக் குழுவில் ஒரு முடிவு செய்திருக்கிறோம். இனி எந்த மனுவையும் இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்ப மாட்டோம். மறுப்பதாக இருந்தால் குடும்பத்தை உட்காரவைத்து, ஏன் என்று விளக்கி, அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் சொல்லி அனுப்புவோம். உங்கள் கையில் ஒரு பிரசுரம் வந்தால், நகைக் கடைக்குப் போவதற்கு முன் எங்களிடம் வாருங்கள். "உங்களுக்குத் தெரியாம இருக்கலாம் இல்லையா" என்று தாராளமாகக் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பெங்களூரிலும் சென்னையிலும் பெய்ஜிங்கிலும் உழைக்கும் ஆய்வாளர்களின் முயற்சி ஒரு நாள் நம் படுக்கை அருகே வந்து சேரும், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளில் வேதியியலும் உயிரியலும் படிப்பவர்கள் அந்தப் பணியில் சேர வேண்டும் என்பதும் என் ஆசை. அதுவரை, நோயில் இருப்பவர்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. முதியோரின் எலும்புகளுக்கு வலிமையைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.